சீதனக் காணியில் பந்து போட்டவள்

ஜொய்சியைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையைப் போன மாதம் எனக்குச் சிலர் அனுப்பி வைத்தார்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்த அவள் சின்ன வயதிலேயே தகப்பனோடு கடலுக்குப் போய் வலை வீசினாளாம். அதனால்தான் தோள் உரமேறி இன்று நாட்டுக்காக வேகப்பந்து போடுகிறாளாம். வாசித்த கொதியில் கைப்பேசியைக் கதிரையில் எறிந்துவிட்டேன். அவள் ஊரான கரம்பொன்னில் பெண்பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் யார்? அவள் தகப்பன் யாக்கோப்பு மாமா தன் மகளை வள்ளத்தில் காலெடுத்து வைக்கவே விட்டதில்லை. அவளுக்கும் கடலுக்கும் ஒத்துவராது. நயினாதீவுக்குப் படகேறினால், துறையை விட்டு வெளிக்கிட்ட கையோடு சத்தி எடுக்கத் தொடங்கிவிடுவாள். எழுதியவருக்கு இதையெல்லாம் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா?

ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் பவதாரணி, ஊர் வேலணை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஜொய்சி பந்து போட, நான் விக்கெற்றுக்குப் பின்னால் நின்று பிடித்தேன். அவள் போட்ட ஒரு பந்து பட்டு என் சின்னவிரல் கோணிப்போய்க் கிடக்கிறது. அவளைப் பற்றிப் பேச எனக்கு அந்த விரல் போதும்.

கடலால் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு காணியால். அதுவும் சீதனக் காணி.

எங்கள் தீவுப் பக்கத்துக் கரையோர ஊர்களில் விளையாட்டு என்றால் உதைபந்துதான். கோயில் வளவு, வாசிகசாலை வளவு, வெறுங்காணி எல்லாம் பெடியளுக்கு. ஜொய்சியின் அண்ணன் டெனிஸ்ரனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கிரிக்கெற் அணி இருந்தது உண்மை. ஆனால் மணி அடித்ததும் பள்ளிக்கூடப் படலையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு நாங்கள் எங்கே போவது? வீதியில் போட்டால் ஓட்டோக்காரர் ஏசுவார். கோயில் வளவில் போட்டால் பெடியள் பந்தைத் தூக்கிக் கூரைக்கு மேலே எறிந்துவிட்டுச் சிரிப்பார்கள். ஜொய்சி அதற்காக ஒரு நாளும் அழவில்லை. ஒருமுறை அவர்களுடைய உதைபந்தை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டாள். அதோடு அந்த வளவும் எங்களுக்கு இல்லாமல் போனது.

அவர்கள் வீட்டு வழக்கம் இப்படி: வள்ளமும் வலையும் ஆண்பிள்ளைக்கு, காணியும் வீடும் பெண்பிள்ளைக்கு. எந்தத் துண்டு எந்தப் பெண்ணுக்கு என்பது அவள் தவழும்போதே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அவள் கைக்கு வருவது கலியாணத்தன்றுதான். வந்த மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் வந்து வேலியை அளப்பார்கள். ஜொய்சிக்கென்று வைத்தது வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணி, ஒரு பக்கம் பனைகள், ஒரு மூலையில் கிணறு.

உயர்தரப் பரீட்சை முடிந்த கிழமை நானும் அங்கேதான் நின்றேன். யாக்கோப்பு மாமா முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஜொய்சி நேராகப் போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, என்ர சீதனக் காணியை இப்ப எழுதித் தாங்கோ."

குசினிக்குள் நின்ற தாய் பிலோமினம்மா அகப்பையோடு ஓடிவந்தார். "ஐயோ என்ர மாதாவே! ஆரடி அவன்? எங்கத்தையான்?"

"ஒருத்தனும் இல்லை அம்மா. எனக்குப் பந்து போட நிலம் வேணும்."

மாமா முதலில் சிரித்தார். அவள் சிரிக்காமல் நிற்பதைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன விசரே? அது உனக்கெண்டு வைச்சதுதான். கலியாணத்துக்கு வைச்சது."

"எனக்கெண்டு வைச்சதை எனக்கு வேணுமெண்ட நேரம் தராட்டி அது எனக்கில்லை அப்பா. வாறவனுக்கு."

தகப்பனோடு அப்படிக் கதைத்த பிள்ளையை நான் அதுவரை கண்டதில்லை. மாமாவும் கண்டிருக்க மாட்டார். பிலோமினம்மா என்னைப் பார்த்து, "நீதானே இவளுக்கு ஓதிவிட்டனி?" என்று பாய்ந்தார். எனக்கும் அப்போதுதான் விஷயமே தெரியும் என்று சொன்னால் யார் நம்புவது! பல நாட்கள் அந்த வீட்டில் தகப்பனும் மகளும் முகம் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மாமா வலையை எறிந்துவிட்டு எழும்பினார். "வா, எழுதித் தாறன். பிறகு கலியாணத்துக்கெண்டு ஒரு கரண்டியும் கேட்டு என்னட்ட வரக்கூடாது."

"வரமாட்டன்," என்றாள் ஜொய்சி. இன்றுவரை போகவும் இல்லை.

ஆடுகளத்துக்குச் சீமெந்து போட்டது டெனிஸ்ரன் அண்ணை. தங்கச்சியை நக்கலடித்தபடியே, ஞாயிறு பூசை முடிந்து கடலுக்குப் போகாத பெடியளைக் கூட்டிவந்து ஒரே நாளில் குழைத்துக் கொட்டிவிட்டார். நானும் ஜொய்சியும் மாவட்டப் பயிற்சி முடிந்து வந்து பார்த்தோம். எனக்குத் தலை சுற்றியது. காணியின் வேலிக்கு ஒத்தபடி நீட்டாமல், மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக ஆடுகளத்தைப் போட்டிருந்தார்.

"அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்? பிச் வடக்குத் தெற்காக் கிடக்கவேணும். இது பின்னேர வெயில் ஓடி வாறவளின்ர கண்ணுக்குள்ள அடிக்கும்," என்றேன்.

"வெயிலெண்டாக் கண்ணைச் சுருக்கலாம். காத்துக்கு என்ன செய்வாய்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். நங்கூரம் போட்ட வள்ளம் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். அந்தப் பழக்கத்தில் சோளகக் காற்று வீசும் தென்மேற்குப் பக்கத்துக்கு மூக்கை வைத்து ஆடுகளத்தை நீட்டியிருக்கிறார் மனுசன். கடல்காரனிடம் கிரிக்கெற் நிலம் போடச் சொன்னால் வேறென்ன நடக்கும்? பிலோமினம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "அறுவாரே, இனி வீட்டை எங்க கட்டிறது?" என்று தலையில் கை வைத்தார். அன்றைக்கு அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிணறு இருந்தது சோளகம் வரும் பக்கத்து முனையில். அங்கிருந்து ஓடிவர இடமில்லை. ஆகவே மற்ற முனையிலிருந்து, முகத்தில் காற்று அடிக்க அடிக்க, கண்ணுக்குள் வெயில் குத்தக் குத்த ஓடிவந்துதான் ஜொய்சி பந்து போட்டாள். நான் கிணற்றுக்கு முன்னால் நின்றேன். நான் விட்டால் பந்து கிணற்றுக்குள். துலாக் கயிற்றில் தொங்கிப் பந்து எடுத்த அலுப்பில்தான் நான் நல்ல விக்கெற் காப்பாளர் ஆனேன்.

திட்டிக்கொண்டே இருந்த பிலோமினம்மா ஒரு நாள் காலை சூடை மீனைக் கொண்டுவந்து சீமெந்தில் பரப்பினார். நல்ல சூடு, மண் ஒட்டாது, கருவாடு அருமையாகக் காய்ந்தது. அன்றிலிருந்து காலை தாய்க்கு, பின்னேரம் மகளுக்கு. கழுவிவிட்டுத்தான் கொடுப்பார். என்றாலும் உப்பும் எண்ணெயும் போகுமா? பந்து நாறும், என் கையுறை நாறும், பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். காகம் கலைப்பதும் என் தலையில்தான் விழுந்தது. எங்கள் வீட்டில் சைவச் சாப்பாடு. அம்மா என் உடுப்பை வாசலிலேயே வாங்கி வாளிக்குள் போடுவா.

யாழ்ப்பாணத்துக்கு விளையாட வந்த ஒரு கொழும்புக் கழகம் அவளைக் கண்டுவிட்டுக் கூப்பிட்டது. மாமா முடியாது என்றார். அருட்சகோதரிகளின் விடுதியில் தங்குவாள் என்றதும் தாய் ஓம் என்றார், பிறகு தகப்பனும் முனகிக்கொண்டு ஓம் என்றார். முதல் கிழமை துணைக்கு நானும் போனேன். அங்கே எல்லாம் சிங்களம். இவளுக்கு அப்போது சிங்களத்தில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும்தான் தெரியும்.

முதல் ஆட்டம் கடற்கரையை ஒட்டிய ஒரு மைதானத்தில். நல்ல காற்று. காற்று தள்ளிவிடும் முனையிலிருந்து போடத்தான் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் ஆசை. எதிர்முனை யாருக்கு என்று அணித்தலைவி கேட்டபோது பெரிய பெரிய ஆட்கள் எல்லோரும் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்துவிட்டார்கள். ஜொய்சி கொடியைப் பார்த்தாள், போய் எதிர்முனையில் நின்றாள். புதுப்பிள்ளை, விளங்காமல் போய் நிற்கிறாள் என்று சிரித்தார்கள். அவளுக்கு வேறு முனையே தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். காற்றுக்கு எதிராகப் போடும் பந்து கொஞ்சம் தயங்கிவிட்டுக் கடைசி நேரத்தில் உள்ளே திரும்பும். மட்டைக்காரிகள் அவசரப்பட்டார்கள், குச்சிகள் பறந்தன. நான் எல்லைக்கு வெளியே நின்று தமிழில் கத்திய கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு அந்தக் கழகத்தில் காற்று முனை அவளுடையது. "ஹுளங் நங்கி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். சிங்களத்தில் காற்றுத் தங்கச்சி என்று பொருள். சில பருவங்கள் அப்படிப் போயின. பிறகு நாட்டு அணி.

தெற்கே காலி நகரில் முதல் ஆட்டம். கரம்பொன் வாசிகசாலைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உதைபந்துப் பெடியள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். எதிரணித் தலைவியின் நடுக்குச்சி விழுந்தபோது டெனிஸ்ரன் அண்ணை எழும்பி, "அந்தப் பிச் நான் போட்டது!" என்று கத்தினார். காலியில் போட்டது வேறு யாரோ என்று ஒருவரும் அவருக்குச் சொல்லப் போகவில்லை.

பேச்சு இல்லாமலும் இல்லை. ஊருக்கு வந்தால், "ஆருக்கு விளையாடுறாய் பிள்ளை, அவைக்கோ?" என்று சிங்களவரைச் சுட்டிக் கேட்கும் ஒரு கூட்டம். தெற்கில், "நீங்கள் யாழ்ப்பாணமா? அங்கேயும் கிரிக்கெற் இருக்கிறதா?" என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: "சட்டைக்குப் பின்னால என்ர பேர் கிடக்கு. அதை வாசியுங்கோ."

பிறகுதான் அந்தக் கெட்ட காலம். வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் ஒன்றில் எல்லைக் கோட்டில் நின்று பந்தை எறிந்தபோது தோளுக்குள் ஏதோ அறுந்தது. சத்திரசிகிச்சை, கட்டு, ஓய்வு. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் கரம்பொன்னுக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த தொடருக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த தொடருக்கும் இல்லை. கழகத்திலிருந்து முதலில் சுகம் கேட்டார்கள், பிறகு அதுவும் நின்றது. தலைமுடியை வாரி இழுக்கக்கூட அவளுக்குத் தாய் வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கலியாணப் பேச்சு வந்தது. அமலதாஸ், மண்கும்பான் பெடியன், பிரான்சில் ஓர் உணவகத்தில் சமையல். நல்ல பிள்ளைதான், பொய் சொல்லக்கூடாது. அவளுடைய ஆட்டங்களையெல்லாம் வேலைக்கு நடுவில் பார்த்தவனாம். கைப்பேசியில் கதைத்துக் கதைத்து ஜொய்சிக்கும் பிடித்துப்போனது. அவள் ஓம் என்றாள். உடனே அவனுடைய தாய் றெஜினாக்கா வந்து நின்றா. தங்கள் குடும்பத்தில் பெண் எடுத்தால் வீட்டோடுதான் எடுக்கிற வழக்கம், அத்திவாரம் போட்ட பிறகுதான் நாள் குறிக்கலாம் என்றா. வீட்டுப் படம் கீறினார்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் வீடு காணிக்குள் அடங்கவில்லை. ஆடுகளத்தை வேலியோரமாக நீட்டியிருந்தால் மற்றப் பாதியில் வீடு வந்திருக்கும். மூலைக்கு மூலை கிடந்த சீமெந்து இரண்டு பக்கமும் ஒன்றுக்கும் உதவாத முக்கோணங்களைத்தான் மிச்சம் வைத்திருந்தது.

"உடைக்கத்தானே வேணும். இனி அது என்னத்துக்கு?" என்று மாமா முடிவு சொல்லிவிட்டார். ஜொய்சி ஒன்றும் பேசவில்லை. அவள் ஓம் என்றது அமலதாசுக்கு, சம்மட்டிக்கு அல்ல. இந்த வித்தியாசம் அந்த வீட்டில் ஒருவருக்கும் மூளைக்குள் ஓடி வெளிக்கவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஊர் எங்கள் ஊர்.

உடைக்கிற அன்று லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் போனேன். சோளகம் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. றெஜினாக்கா பனை நிழலில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்தா. மேசன் விநாயகமூர்த்தி அண்ணை சம்மட்டியோடு நின்றார். பிலோமினம்மா காலையில் பரப்பிய சூடையை அள்ளி ஓலைப்பாயில் போட்டுக்கொண்டிருந்தார். மாமாவும் டெனிஸ்ரன் அண்ணையும் நூல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குள்ளிருந்து ஜொய்சி பழைய கழகச் சட்டையோடு வந்தாள். கையில் பந்து.

"மேசன் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ."

"என்ன பிள்ளை, கடைசியா ஒருக்காப் போட்டுப் பாக்கப் போறீரோ?"

"கடைசியா இல்லை அண்ணை." அவள் என் பக்கம் திரும்பினாள். "பவா, போய் நில்லு."

"கையுறை கொண்டுவரேல்லையடி."

"தேவைப்படாது," என்றாள்.

போய்க் கிணற்றுக்கு முன்னால் நின்றேன். அவள் ஓடிவந்தாள். ஓட்டம் பழைய ஓட்டம்தான். கை மட்டும் மேலே போய்ப் பாதியில் நின்றுவிட்டது. பந்து நடுவிலே விழுந்து, இரண்டு துள்ளல் துள்ளி, உருண்டு, எனக்கு எட்டாத தூரத்தில் நின்றது. நான்தான் நடந்துபோய் எடுக்கவேண்டியிருந்தது. ஜொய்சி தோளைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். வலியில் அவளுக்கு முகமே மாறிப்போயிருந்தது.

"பாத்தனீங்களோ?" என்றா றெஜினாக்கா. "பிள்ளைக்கே இப்ப விளங்கியிருக்கும். உடையுங்கோ தம்பி."

ஜொய்சி எழும்பினாள். "உடைக்கேலாது."

"எடி பிள்ளை," என்றார் மாமா, கெஞ்சுகிற குரலில். "பந்து அங்கால போகேல்லையே. எல்லாரும் கண்ணால கண்டனாங்கள்."

"நீங்கள் காணத்தான் போட்டனான் அப்பா. ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? இண்டைக்கு எனக்கு ஏலாது. ஏலாதெண்டதுக்காக உடைக்க விடமாட்டன்."

"அப்ப எப்ப ஏலும்?"

"தெரியாது."

"ஏலாமலே போனா?"

"போனாப் போகட்டும். ஏலாமல் போனவளின்ர பிச் ஏலாமல் போனவளின்ர காணியில கிடக்கட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

றெஜினாக்கா விடுவாவா? கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டா. அமலதாஸ் வேலையிடத்தில் நின்றான். பின்னால் சட்டி முட்டிச் சத்தம் கேட்டது.

"ஜொய்சி, உமக்கு இனிப் போடேலுமோ?" என்று மெதுவாகத்தான் கேட்டான்.

"தெரியாது."

"அப்ப ஏன் மறிக்கிறீர்?"

"தெரியாததாலதான். முடிஞ்சுதெண்டு நான் சொல்லேல்ல, நீங்களெல்லாம் சொல்லுறியள். வேற இடத்தில வீடு கட்டுவம். வாடகைக்கு இருப்பம். கொட்டிலெண்டாலும் எனக்கு ஓம். இதை உடைச்சுத்தான் கலியாணமெண்டா எனக்கு ஏலாது."

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ சட்டியை இறக்கச் சொல்வது கேட்டது. பிறகு அவன், "அம்மாவோட கதைச்சிட்டுச் சொல்லுறன்," என்றான்.

அம்மாவோடா! அம்மா அங்கேயே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா! என் வாயில் வந்ததை நான் சொல்லியிருப்பேன், டெனிஸ்ரன் அண்ணைதான் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஜொய்சி என் கையிலிருந்த பந்தை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் கண் நிறைந்ததை நான் கண்டேன். அவள் அவனை உண்மையாகவே விரும்பியிருந்தாள்.

மாமா பிலோமினம்மாவைப் பார்த்தார். "நீயாவது உன்ர மகளுக்குச் சொல்லன். சீதனம் எண்டு குடுத்தது இதுக்கோ?"

பிலோமினம்மா அள்ளிக்கொண்டிருந்த மீனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் மகளைத் திட்டப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"எனக்கும்தானே என்ர அப்பர் காணி தந்தவர்," என்றார். "கிணத்தடிக் காணி. நல்ல தண்ணி. உங்கட வள்ளத்துக்கு மெசின் பூட்டவெண்டு வித்தனீங்கள். என்னை ஒரு சொல் கேட்டனீங்களோ? அதில ஒரு கத்தரிக்கண்டு நான் நட்டிருப்பனோ? ஒரு நாளெண்டாலும் அதில போய் நிண்டிருப்பனோ?"

மாமா பிடித்திருந்த நூலைக் கீழே விட்டார். இத்தனை வருட வாழ்க்கையில் அந்தப் பேச்சை அந்த மனுசி எடுத்ததே இல்லையாம். பிறகு பிலோமினம்மா மகளிடம் திரும்பி, "நீயும் ஒரு கோதாரி விழுந்தவள்தான்," என்று ஏசிவிட்டு, ஓலைப்பாயை இழுத்துக்கொண்டுபோய்ச் சூடையை ஒவ்வொரு கையாக அள்ளித் திரும்பவும் சீமெந்தில் பரப்பத் தொடங்கினார். "வெயில் வீணாப் போகுது. தள்ளுங்கோ எல்லாரும்."

விநாயகமூர்த்தி அண்ணை சம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "கருவாட்டுக்கு மேல நான் போடமாட்டன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். றெஜினாக்கா கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினா. கலியாணம் அன்றோடு முறிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? "கையும் போச்சு, மாப்பிளையும் போச்சு" என்று மீன் சந்தை வரைக்கும் கதை. ஒரு நாள் சந்தையிலேயே ஒருத்தி ஜொய்சியின் காது கேட்கச் சொன்னாள். இவள் மீன் கூடையோடு திரும்பி நின்று கேட்டாள்: "போனது ரெண்டும் என்ர. உங்கட ஒண்டும் துலையேல்லையே அக்கா?" அதற்குப் பிறகு அவள் முன்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் திறந்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் வீட்டுக்குள் வந்து அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டே பயிற்சி செய்தாள். பனையில் றப்பர் பட்டியைக் கட்டி இழுத்தாள். முதலில் தேங்காய்ப்பொச்சு, பிறகு ரெனிஸ் பந்து, பிறகு தோல் பந்து. ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து நான் போய் நின்றேன். பந்து உருண்டு வந்தது. பிறகு துள்ளி வந்தது. வாடைக்காற்று பெயர்ந்து, வெயில் பிடித்து, மறுபடி சோளகம் எழும்பிய ஒரு பின்னேரம் அது நேரே என் கையுறைக்குள் வந்து அடித்தது. கோணிய விரல் விண்விண் என்று வலித்தது. நான் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக் குளறி அழுதேன். "விடடி, நாறுது," என்றாள் அவள். கருவாட்டு மணத்தைத்தான் சொன்னாள்.

கழகம் உடனே நம்பவில்லை. ஒரே ஓர் ஆட்டம் தருகிறோம் என்றார்கள். அதில் முதல் பந்தே எல்லைக்கோட்டுக்குப் போனது. அவள் திரும்பி நடந்து, சட்டையில் பந்தைத் தேய்த்து, காற்றுக்குள் மறுபடி ஓடிவந்தாள். அன்று அவளை அந்த முனையிலிருந்து எடுக்கவே அணித்தலைவிக்கு மனம் வரவில்லை. இந்த வருடம் நாட்டு அணிக்கும் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். பழைய வேகம் முழுதாக இல்லை. அவளே சொல்கிறாள். "இருக்கிறதை வைச்சுப் போடுறன், விருப்பமில்லாட்டி எடுத்துவிடட்டும்" என்பாள். இன்னும் எடுக்கவில்லை.

அவள் தொலைக்காட்சியில் வந்ததும் தரகர் சூசைப்பிள்ளைக்கு நித்திரை வரவில்லை போலும். போன கிழமை குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். கனடா மாப்பிள்ளையாம். நாங்கள் பயிற்சியில் இருந்தோம். நான் கிணற்றடியில் நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது. பிலோமினம்மா அந்தப் பக்கத்து முக்கோணத்தில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"காணியோடதானே அக்கா?" என்று காணியை ஒரு பார்வை பார்த்தபடி கேட்டார் தரகர்.

"காணி இல்லை."

"உறுதி பிள்ளையின்ர பேரிலயெண்டு ஊரெல்லாம் சொல்லுது?"

"ஓம், அவளின்ர பேரிலதான். அதாலதான் இல்லையெண்டுறன். குடுக்க அது என்ரையில்லை, வாங்க அது உங்கடையுமில்லை. அவள் வேலை செய்யிற இடம்."

"அப்ப என்னத்தைத்தான் குடுப்பியள்?"

"ஒண்டும் குடுக்கிறதா இல்லை. பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு ஆரும் வேணுமெண்டா அவளே சொல்லுவாள். நீங்கள் போயிட்டு வாங்கோ."

தரகர் குடையை விரித்துக்கொண்டு படலையை நோக்கித் திரும்பினார். குறுக்குவழியாக ஆடுகளத்துக்கு மேலால் போக ஒரு காலைத் தூக்கியும்விட்டார்.

"காலை எடுங்கோ!" என்று பிலோமினம்மா வாளியோடு கத்தினார். "சுத்திப் போங்கோ. என்ர பிள்ளை ஓடி வாறாள்."